கறுத்த சுருட்டைத் தரம் பார்ப்பது: இலையா, கையா, பெட்டியா?

கறுத்த சுருட்டைப் பார்த்ததும் “ஐயோ, தலை சுற்றும்” என்று ஒதுக்குகிறவர் உண்டு. “கறுப்புதான் உசத்தி” என்று கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறவரும் உண்டு. இருவர் செய்வதும் ஒரே தப்பு: மேலே சுற்றிய ஓர் இலையின் நிறத்தை வைத்து முழுச் சுருட்டுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். காட்டம் பெரும்பாலும் உள்ளிலையிலிருந்து வருவது. செடியின் உச்சியில் வெயிலை முழுக்க வாங்கிய தடித்த இலை உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கும். வெளுத்த மேலிலைக்குள் அந்த உச்சி இலையை அடைத்தால் ஆளைச் சாய்த்துவிடும். கன்னங்கரேலென்ற மேலிலைக்குள் சாதுவான கலவை இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு நிம்மதியாகப் பிடிக்கலாம்.

பர்மாவில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இங்கே ஒரு சுருட்டு மோசமாக எரிந்தால், செய்தவர் மேல் பழி போடுமுன் அது எங்கே கிடந்தது என்று கேட்க வேண்டும். ரங்கூன் மழையில் நான்கு மாதம் கடை அலமாரியில் நின்ற சுருட்டு, எவ்வளவு பெரிய கைகாரர் சுருட்டியதாக இருந்தாலும், நனைந்த விறகு மாதிரிதான் எரியும். ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் குறை இலையினுடையதா, சுருட்டிய கையினுடையதா, வைத்திருந்த பெட்டியினுடையதா?

எந்தக் கறுப்பு?

பர்மியர் ஸேபோலேய் என்று சொல்லும் மென்சுருட்டை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன் மேல் சுற்றியிருப்பது புகையிலையே அல்ல, தனத் இலை. தமிழில் நறுவிலி என்போமே, அந்த மரத்தின் இலை. உள்ளே இலைத்தூளோடு தண்டுத் துண்டும் கலந்திருக்கும், வாய் வைக்கும் முனையில் சோளத்தோகையால் வடிகட்டி இருக்கும். அதற்கு வேறு அளவுகோல் வேண்டும். இங்கே பேசுவது மேலிலை, உள்ளிலை இரண்டுமே புகையிலையாக இருக்கும் சுருட்டைப் பற்றி. அதில் கடைகளில் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று, உள்ளூர் ஸேப்யின்லேய். ‘ப்யின்’ என்றாலே காட்டம். ஐராவதி டெல்டாவில் உள்ள தனுப்பியூ ஊர்ச் சரக்குக்கு இதில் பேர் உண்டு. இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து வரும் மதுரோ. மதுரோ என்பது ஸ்பானியச் சொல், ‘பழுத்தது’ என்று பொருள். (மதுரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம் சுருட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் ‘செரூட்’.)

இரண்டின் கறுப்பும் ஒன்றல்ல. உள்ளூர் மேலிலையின் கருமை பெரும்பாலும் வெயிலும் காற்றும் காய வைத்ததில் வந்தது. மதுரோவின் கருமை புளிக்க வைத்ததில் வருகிறது. காய்ந்த இலைகளை லேசாக ஈரப்படுத்தி ஆளுயரக் குவியலாக அடுக்குவார்கள். உள்ளே தானாகவே சூடு ஏறும். மென்மையான மேலிலை என்றால் சுமார் 45 டிகிரி செல்சியஸ் தொட்டதும் குவியலைக் கலைத்து, வெளியே இருந்ததை உள்ளே வைத்து மறுபடி அடுக்குவார்கள். மதுரோவுக்கு 60 டிகிரி வரைகூட விட்டுப்பிடிப்பார்கள், மாதக்கணக்கில். அந்தச் சூட்டில் அம்மோனியா ஆவியாகப் போகிறது, நிகோடினும் கொஞ்சம் குறைகிறது, இலையில் உள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பேறுகின்றன. வெல்லப்பாகு காயும்போது நிறம் ஏறுகிற மாதிரிதான். கறுத்த இலையில் சாக்லேட், காப்பி, உலர்திராட்சை வாடை வருவது இதனால்தான். மெல்லிய இலை இந்தச் சூட்டைத் தாங்காமல் கிழிந்துபோகும் என்பதால், மதுரோவுக்குத் தடித்த, எண்ணெய்ப்பசை உள்ள இலையைத்தான் எடுப்பார்கள்.

அதிகம் கண்ணில் படும் மூன்று இலைகள் இவை. அமெரிக்காவின் கனெக்டிகட் பிராட்லீஃப்: செடியைத் தண்டோடு வெட்டிக் காயவைப்பது, தடித்த நரம்பு, இனிப்பான சாக்லேட் சாயல். மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்து சான் ஆந்திரேஸ்: எரிமலை மண், மிளகும் மண்வாடையும் தூக்கலாக இருக்கும். பிரேசிலின் பஹியாவிலிருந்து மாட்டா ஃபீனா: மூன்றிலும் இதுதான் வாயில் மிருதுவானது. கியூபா இந்த வகையில் பிந்தித்தான் வந்தது. அந்த நாட்டின் பேர்போன சுருட்டு மார்க்கான கொஹிபாவின் ‘மதுரோ 5’ வரிசை 2007-ல் வெளிவந்தது. கொஹிபா என்று எழுதிய கண்ணாடி மூடிப் பெட்டியை யாராவது நீட்டினால் விலைகூடக் கேட்க வேண்டாம், அது போலி.

கண், விரல், மூக்கு

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். குழல்விளக்கின் கீழ் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பாகத் தெரியும். நல்ல மதுரோவின் நிறம் ஒரே சீராக இருக்காது. திட்டுத்திட்டாக, ஓரிடத்தில் காப்பிக்கொட்டை, ஓரிடத்தில் புளிக்கரைசல் என்று மாறும். நரம்பு ஒரு சாயல் வெளுத்தோ கறுத்தோ தனியாகத் தெரியும். மேற்பரப்பில் மணல் தூவிய மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளிமேடுகள் இருக்கலாம். அவை எண்ணெய் சேர்ந்த இடங்கள், நல்ல அறிகுறி. பிராட்லீஃப் இலையில் தடித்த நரம்பு இயல்பு, அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். நரம்பு புடைத்து மேலிலை அந்த இடத்தில் தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் குறைக்கலாம், அது கை செய்த பிழை.

நரம்பு, இலை, வாய் வைக்கும் முனையை மூடிய தொப்பி எல்லாம் செருப்புக்குப் பாலிஷ் போட்ட மாதிரி ஒரே கறுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். குறுக்கு வழியில் போகிறவர்கள் இலையை நீராவியில் வேகவைப்பார்கள், அல்லது புகையிலைத் தண்டுச் சாற்றைப் பூசிவிடுவார்கள். சோதிக்க, வெள்ளை மல்துணியின் ஒரு மூலையை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கொளுத்தும் முனைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று முறை மெதுவாகத் தேயுங்கள். தேயிலைச் சாயம் மாதிரி மங்கிய பழுப்பு ஒட்டினால் கவலை இல்லை, புளித்த இலை எதுவும் அவ்வளவு விடும். மை மாதிரி கறுப்பாக ஒட்டி, சுருட்டில் அந்த இடம் மட்டும் வெளுத்தால், அது பூச்சு. அடுத்து, மேலிலை ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரத்தை நகக்கண்ணால் ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பாருங்கள். மூடியிருந்த பகுதி வெளியே இருப்பதைவிட நன்றாக வெளுத்திருந்தால், சுருட்டிய பிறகு நிறம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பூச்சுச் சுருட்டு உதட்டில் ஒட்டும், முதல் இழுப்பிலேயே நாக்கு நுனியில் ஒரு செயற்கை இனிப்பு நிற்கும், கால்வாசி போகுமுன் அந்த இனிப்பு காணாமல் போய்விடும்.

அடுத்தது விரல். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, தலை, நடு, அடி என்று மூன்று இடத்தில் லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் கொஞ்சம் உள்வாங்கி, விட்டதும் திரும்பி வர வேண்டும். கல்மாதிரி ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் அந்த இடத்தில் இழுப்பு நிற்கும். பஞ்சுபோல் ஒரு பள்ளம் இருந்தால் அங்கே சூடேறிக் கசக்கும். இரண்டும் கையின் குறை. சுருட்டு முழுக்க ஒரே சீராகக் கெட்டியாக, ஊதிப்போன மாதிரி இருந்தால் அது ஈரம், பெட்டியின் குறை. தொட்டதும் மொறுமொறுவென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. நகை நிறுக்கும் சின்ன மின்தராசு இருந்தால் ஒரே பெட்டியின் ஐந்து சுருட்டுகளை நிறுத்துப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று ஒரு கிராமுக்கு மேல் கனத்தால் அதில் இழுப்பு இறுகலாம். தரம் பார்க்க அதை எடுக்காதீர்கள்.

கொளுத்தும் முனையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளிலையின் மடிப்புகள் தெரியும். பழுப்பில் இரண்டு மூன்று சாயல், நடுநடுவே காற்றுப்போகச் சீரான சந்து, இதுதான் வேண்டியது. ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் ஓட்டையாகவும் இருந்தால் எரிவு கோணும். நறுக்கிய தூள் கண்ணில் பட்டால் விலை குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸேப்யின்லேயில் அது குறையே அல்ல.

மூக்குக்கு அவசரம் கூடாது. மேலிலையை மூக்கருகே வைத்து ஒருமுறை, அடி முனையில் ஒருமுறை. கொக்கோ, பழைய மரப்பெட்டி, வைக்கோல், லேசான தொழுவ வாடை எல்லாம் சரி. கண்ணைக் கரிக்கும் மூத்திர வாடை வந்தால் அது அம்மோனியா: இலை இன்னும் முழுதாகப் புளித்து ஆறவில்லை, அல்லது சுருட்டிச் சில வாரம்தான் ஆகிறது. ஆறு மாதம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள், பாதிக்குமேல் சரியாகிவிடும். மழையில் நனைந்த சாக்கு வாடை என்றால் பூஞ்சை. இன்னொன்றும் நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது: பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்த சுருட்டில் ஊதுபத்தியும் சந்தனமும் ஏறியிருக்கும், துணி பீரோவில் வைத்ததில் பூச்சி உருண்டை ஏறியிருக்கும். எண்ணெய்ப்பசை அதிகமான கறுத்த இலை அக்கம்பக்கத்து வாடையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஏறிய வாடை இறங்காது.

பெட்டிக் கணக்கு

பர்மாவில் சுருட்டுத் தரம் பார்க்கிறவர் முதலில் வாங்க வேண்டியது காற்றின் ஈரப்பதம் காட்டும் ஈரமானி. ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடும். அந்த மாதங்களில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல்தான் நிற்கும். சுருட்டுக்கு வேண்டியதோ 65 முதல் 69. மண்டலையில் கதை தலைகீழ்: பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், காற்று காய்ந்து கிடக்கும், ரங்கூனில் ஊதிப்போன அதே சுருட்டு அங்கே வெடித்துப்போகும். வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் ஈரம் ஏற்றுவது எப்படி என்றுதான் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நமக்கு வருஷத்தில் பாதி நாள் ஈரம் இறக்குவதுதான் வேலை.

கறுத்த மேலிலைக்கு 65 போதும். தடித்த இலை மெல்லிய இலையைவிட மெதுவாக எரியும். 70-க்கு மேல் போனால் உள்ளிலை எரிந்துபோக, மேலிலை பின்தங்கி நிற்கும்.

ஈரமானி சொல்லும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்கு வரும் அளவு மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து ஓடிவிடக் கூடாது. அந்த மூடியையும் ஈரமானியையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்துக் காற்றுப்புகாமல் மூடி, 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 71 காட்டினால், அது எப்போதும் நான்கு குறைத்துச் சொல்கிறது என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள்.

பெட்டிக்கு, ரப்பர் விளிம்பு வைத்த இறுக்கமான சாப்பாட்டு டப்பாவே போதும். புதிதாக வாங்கியது, மசாலா வாடை ஏறாதது. உள்ளே 65 என்று போட்ட இருவழி ஈரப்பொதி ஒன்று. இது ஈரம் மிகுந்தால் வாங்கிக்கொள்ளும், குறைந்தால் விடும். 25 சுருட்டுக்கு 60 கிராம் பொதி ஒன்று சரியாக இருக்கும், அடைமழையில் இரண்டு வைக்கலாம். பொதி தொளதொளவென்று தண்ணீர்ப்பை மாதிரி ஆனால் அது நிறையக் குடித்துவிட்டது, மாற்றுங்கள். செடார் பலகைத் துண்டு கிடைத்தால் போடலாம். தேக்கு மலிவு என்று அதில் பெட்டி செய்யாதீர்கள், அதன் எண்ணெய் வாடை சுருட்டுக்கு ஒத்துவராது.

தரம் பார்க்கும் சுருட்டு அந்த டப்பாவில் குறைந்தது மூன்று வாரம் கிடக்க வேண்டும். கடையிலிருந்து கொண்டுவந்த அன்றே பற்றவைத்துப் பார்த்து எழுதும் மதிப்பெண் கடைக்காரரின் அலமாரிக்குப் போடும் மதிப்பெண்தான். மழைக்காலத்துச் சரக்கு மிகவும் ஊதியிருந்தால், முந்தின நாள் ஏசி ஓடும் அறையில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் 12 மணி நேரம் வைத்து எடுங்கள். அதற்கு மேல் வைத்தால் மேலிலை மட்டும் காய்ந்து வெடிக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

வெள்ளையாக ஏதோ படிந்திருந்தால் “அது எண்ணெய் பூத்தது, நல்ல பழமை” என்று விற்பவர் சொல்வார். நம்ப வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் அது கிட்டத்தட்ட எப்போதும் பூஞ்சைதான். மேலே மட்டும் மெல்லிய வெள்ளைப் படலம் என்றால் துடைத்து, காயவைத்து, தனியாக வைக்கலாம். பச்சையோ நீலமோ கலந்த மயிர்ப்பூஞ்சை, அல்லது கொளுத்தும் முனைக்குள்ளே வெள்ளை தெரிந்தால் தூக்கி எறியுங்கள்.

பூச்சி வேறு. மேலிலையில் குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டை, டப்பாவின் அடியில் பழுப்புத் தூள்: புகையிலை வண்டு வந்துவிட்டது. முட்டை கிடங்கிலிருந்து கூடவே வந்திருக்கும், சூடு கூடியதும் பொரியும். ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டிய வாரங்கள்தான் மோசம். இரண்டு ஜிப் பைகளுக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒருநாள் சாதாரணக் குளிர்பெட்டியில், பிறகு மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம், திரும்ப ஒருநாள் குளிர்பெட்டியில், அதன்பிறகு அறைக்கு. பை முழுக்க அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், முன்னால் திறந்தால் இலைமேல் நீர் கோத்துக்கொள்ளும். கரண்டு போகும் ஊர் இது. உறைபெட்டி நீண்டநேரம் நின்று உள்ளே இளகிவிட்டால் அந்த வாரக் கணக்கை முதலிலிருந்து எண்ணுங்கள்.

வாய் சுத்தம்

வெற்றிலை போடுகிறவர் அன்றைக்குச் சுருட்டுக்கு மதிப்பெண் போடக் கூடாது. சுண்ணாம்பு நாக்கின் தோலைப் பொள்ளவைத்து, பாக்கு துவர்ப்பை நிரப்பி வைத்திருக்கும்; கறுத்த இலையின் இனிப்பு அதில் எடுபடவே எடுபடாது. ஙப்பி (புளித்த மீன் விழுது) போட்ட குழம்பு, பிரியாணி, ஊறுகாய்க்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது விடுங்கள். வெறும் வயிறும் ஆகாது: நிகோடின் சட்டென்று ஏறி, குளிர்ந்து வேர்க்கும், குமட்டும். அப்படி வந்தால் சுருட்டை வைத்துவிட்டு ஒரு துண்டு பனைவெல்லம் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து உட்கார்ந்திருங்கள்.

கூடக் குடிக்க, டீக்கடை மேசையில் இலவசமாக வைக்கிறார்களே, அந்த வெறும் பச்சைத்தேநீர்தான் சிறந்தது, வெதுவெதுப்பாக. கெட்டிப்பால் ஊற்றிய டீ இருக்கும் எல்லாக் குறையையும் மூடிவிடும். ஒரு சுருட்டை ரசிக்க அது நல்லது, எடைபோட ஆகாது.

வெட்டு, நெருப்பு

தலையில் ஒட்டியிருக்கும் தொப்பி எங்கே முடிகிறது என்று ஒரு மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே, நுனியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். கோட்டைத் தாண்டினால் மேலிலை பிரியும், பிறகு சுருட்டியவரைத் திட்டிப் பயனில்லை. காய்கறிக் கத்தி வேண்டாம், அது வெட்டாமல் நசுக்கும். ஸேப்யின்லேய்க்கு இந்த வேலையே இல்லை, இரு முனையும் திறந்தே வரும்.

பற்றவைக்குமுன் வெறும் காற்றை ஒரு முறை இழுங்கள். இளநீரைக் குழாய் போட்டு உறிஞ்சும் அளவுக்கு லேசான எதிர்ப்பு இருக்க வேண்டும். கன்னம் குழிகிற அளவு இழுத்தும் வரவில்லை என்றால் அடைப்பு. காற்று சும்மா வந்தால் உள்ளே இலை குறைவு. இந்த வெறும் இழுப்பிலேயே திராட்சை, கொக்கோ, மிளகு ஏதாவது நாக்கில் தெரியும். குறித்துக்கொள்ளுங்கள், பிறகு புகையோடு ஒப்பிட உதவும்.

நெருப்புக்கு பியூட்டேன் லைட்டரோ நீளத் தீக்குச்சியோ. குச்சியின் மருந்து எரிந்து முடிந்த பிறகே கிட்டே கொண்டுபோங்கள். மெழுகுவர்த்தி, பெட்ரோல் லைட்டர் இரண்டும் வாடையை ஏற்றிவிடும். சுருட்டைச் சாய்வாகப் பிடித்து, தீநாக்கு முனையைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்கும்படி மெதுவாகச் சுழற்றுங்கள். தடித்த கறுப்பிலை சீக்கிரம் பிடிக்காது. விளிம்பு முழுவதும் சாம்பல் நிறம் வரும்வரை பொறுங்கள், முக்கால் நிமிடமாவது ஆகும். அதன்பிறகே வாயில் வைத்து இழுப்பது. இங்கே அவசரப்பட்டதால் கோணி எரியும் சுருட்டுக்கு யார் மேலும் பழி இல்லை, உங்கள் மேல்தான்.

பிடிக்கும்போது

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். 127 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் கனமும் உள்ள ரொபஸ்டோ அளவு என்றால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வர வேண்டும். வேகமாக இழுத்தால் சூடேறி, எவ்வளவு நல்ல இலையும் தார் மாதிரிக் கசக்கும். புகையை வாயில் இரண்டு மூன்று விநாடி வைத்து விடுங்கள், நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள். அப்படி இழுக்காமலிருப்பதால் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் போய்விடாது. தரம் பார்க்க ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று வைத்துக்கொள்வது நாக்குக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

வாசனையின் பெரும்பகுதி மூக்கில்தான் பிடிபடும். மூன்று நான்கு இழுப்புக்கு ஒருமுறை, வாயில் இருக்கும் புகையில் பாதிக்குமேல் விட்டுவிட்டு, மிச்சத்தை மெதுவாக மூக்கு வழியே வெளியே விடுங்கள். நல்ல மதுரோ மூக்கில் மிளகுபோல் ஒருமுறை சுரீரென்று காட்டி, உடனே காப்பிப்பொடி வறுக்கும் வாடையாக அடங்கும். சுரீரென்பது அடங்காமல் கண்ணில் நீர் கொட்டினால் இலை இன்னும் பச்சை.

சுருட்டை மனதுக்குள் மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பங்கில் மிளகும் காரமும் முன்னால் நிற்கும், அதை வைத்து எதுவும் முடிவுசெய்ய வேண்டாம். நடுப்பங்கில் இனிப்பு வர வேண்டும், அது நாக்கின் நுனியில் மட்டும் நிற்காமல் கன்னத்தின் உட்பக்கம் வரை பரவ வேண்டும். சுவை ஓரிடத்திலேயே நிற்காமல் மாறிக்கொண்டே போனால் கூடுதல் மதிப்பெண். கடைசிப் பங்குதான் உரைகல். சுமாரான சரக்கு இங்கே கரியாக மாறிவிடும். நன்றாகப் புளித்த இலை, நான்கு ஐந்து சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும்போதும், டார்க் சாக்லேட்டின் கசப்பும் அதன் பின்னால் கொஞ்சம் இனிப்புமாக நிற்கும். விரல் சுடும்வரை இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

எரியும் கோட்டைக் கவனியுங்கள். கறுத்த மேலிலையில் கோடு அலையலையாகப் போவது சாதாரணம், அரை சென்டிமீட்டர் ஏற்றஇறக்கம் தானாகச் சரியாகும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஒரு பக்கம் ஓடிவிட்டால், பின்தங்கிய பக்கத்தைக் கீழே திருப்பி இரண்டு நிமிடம் விடுங்கள், கீழ்ப்பக்கத்துக்கு அதிகக் காற்று கிடைத்து எட்டிப்பிடிக்கும். முடியாவிட்டால் லைட்டரால் லேசாகத் தொடுங்கள், அதை ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை தொட்டது மன்னிக்கலாம், மூன்று முறை என்றால் கை சரியில்லை. உள்ளே குடைந்துகொண்டு போய் மேலிலை கூடுபோல் நின்றால், அதில் பெரும்பாலும் பெட்டியின் ஈரமே குற்றவாளி. நடுவழியில் மேலிலை நீளவாக்கில் வெடித்தாலும் பெட்டிதான்: உள்ளே ஈரம் அதிகம், வெளியே காய்ந்தது, சூட்டில் உள்ளிலை விரிந்து மேலிலையைக் கிழித்துவிட்டது.

சாம்பல் வெள்ளையாக இருந்தால்தான் நல்ல சுருட்டு என்று சொல்வதில் பாதிதான் உண்மை. மண்ணில் மக்னீசியம் போன்ற உப்புகள் எவ்வளவு என்பதைப் பொறுத்து நிறம் மாறும், சாம்பல் நிறச் சாம்பலோடு அருமையான சுருட்டுகள் உண்டு. பார்க்க வேண்டியது அது எவ்வளவு நிற்கிறது என்பதை. முழு இலை போட்டுச் சீராகச் சுருட்டியதில் இரண்டு சென்டிமீட்டர் தாராளமாக நிற்கும். பூவாக உதிர்ந்து வேட்டியில் விழுந்துகொண்டே இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்

நூற்றுக்கு இப்படிப் பிரிக்கலாம்: தோற்றத்துக்கு 10, இழுப்புக்கு 20, எரிவுக்கு 15, சுவைக்கு 35, கடைசிப் பங்குக்கு 20. தோற்றத்துக்கு இதற்கு மேல் கொடுத்தால் மறுபடி நிறத்துக்குத்தான் மதிப்பெண் போடுவீர்கள். இழுப்பில் 20-க்கு 8-ஐ விடக் குறைந்தால் மற்ற எண்களைக் கூட்டவே வேண்டாம், புகையே வராத சுருட்டில் சுவையைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். சுருட்டைச் சுற்றிய பட்டையைக் கழற்றப் பார்க்காதீர்கள், பசை ஒட்டியிருந்தால் மேலிலையோடு கிழியும். அதன்மேல் ஒரு வெள்ளைத்தாள் துண்டைச் சுற்றி ஒட்டி, எண் போட்டு, வேறு ஒருவரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். மதிப்பெண் எழுதி முடித்த பிறகே பெயரைப் பார்ப்பது.

ஒரே ஒரு சுருட்டைப் பிடித்துப் பெட்டிக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஒரே பெட்டியிலிருந்து மூன்று, ஒரு வார இடைவெளியில், முடிந்தால் ஒரே நேரத்தில். மூன்றிலும் ஒரே குறை வந்தால் அது இலை அல்லது கலவை. ஒன்றில் மட்டும் அடைப்பு, மற்ற இரண்டும் சரி என்றால் அது கை. மூன்றும் ஈரமாக எரிந்தால், தீர்ப்பை நிறுத்திவைத்து மீதியைப் புதிய பொதியோடு ஒரு மாதம் மூடி வையுங்கள். ஆடி மழையில் எடுத்த எண்ணையும் தை மாதத்தில் எடுத்த எண்ணையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள். தேதிக்குப் பக்கத்தில் அன்று டப்பாவுக்குள் ஈரமானி காட்டிய எண்ணையும் எழுதிவிடுங்கள்.

முடித்ததும் சுருட்டைச் சாம்பல் தட்டில் நசுக்க வேண்டாம், அப்படியே வைத்தால் தானாக அணையும். நசுக்கினால் கிளம்பும் வாடை மறுநாள் வரை அறையை விட்டுப் போகாது, அடுத்த சுருட்டை மோந்து பார்க்கும்போது மூக்கு ஏமாந்துவிடும்.